வாரும் பொறியும் வாயடைத்த தமிழும்

"தமிழ் பாட்டுக்கு ஆகும், வழிபாட்டுக்கு ஆகும், பொறிக்கும் தொழிலுக்கும் ஆகாது" என்று கூறித் திரியும் கூட்டம் இந்நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அக் கூட்டத்தில் அயலாரும் உளர். தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்து தமிழ்ச்சோறு உண்டு வளர்ந்தாரும் உளர். பின்னவரே மிகுதி. அவர்தம் கூற்றுக்கு மேடையில் முழங்கி விடை கூறுதல் எளிது. ஒரு பொறியைக் கண்முன் நிறுத்தி விடை கூறுதலே முறை. ஆதலின், யாம் இத் திங்கள் எடுத்துக்கொண்ட பொருள் பஞ்சு வாரும் பொறியாகும். ஆலைத் தொழிலாளர் அதனைக் 'கோம்பர்' என்பர்.

தியாகராயர் நகரின் பாண்டிக் கடைத்தெருவுக்குச் செல்க. சட்டை விற்கும் கடை எதிலேனும் நுழைக. கழுத்துப்பட்டியின் உட்புறத்துச் சிறு துணித்துண்டில் 'கோம்டு காட்டன்' என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதற்காக விலையும் ஏறியிருக்கும். அச்சொல்லின் பொருள் யாது என்று விற்பவரை வினவுக. "நல்ல துணி" என்பார். வாங்குவோரை வினவுக, "வெளிநாட்டு முறை" என்பார். விற்பவர் தமிழர், வாங்குபவர் தமிழர், அந் நூலை நூற்ற ஆலை பெரும்பாலும் தமிழ்நாட்டது. ஏனெனில் இந்தியாவின் நூற்பாலைகளில் ஏறத்தாழப் பாதி இங்கேயே உள்ளன. ஆயினும், மூவர் நடுவிலும் அப் பொருளுக்குரிய சொல் இல்லை! இத்தனைக்கும் அந் நகர் தாங்கி நிற்பது வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர் பெயரை. அவர் நெசவுக் குடியிற் பிறந்தவர். தாமே தறிச்சாலை நடத்தியவர். நெசவாளர் ஒருவர் பெயர் பூண்ட நகரிலேயே நூலைப் பற்றிய ஒரு சொல்லுக்குத் தமிழ் இல்லையெனின், இதனினும் இரங்கத்தக்கது வேறு யாது?

சொல் உண்மையில் இல்லையா? இருக்கிறது. தலையை வாருகிறோம், சீவுகிறோம், சீப்பால் சிக்கெடுக்கிறோம். பஞ்சுக்கும் அதுவே. 'வாரிய நூல்' என்றால் ஏழாண்டுக் குழந்தைக்கும் விளங்கும். தன் தாய் நாடோறும் தலைக்குச் செய்வதையே ஆலை பஞ்சுக்குச் செய்கிறது என்று அது கண்டுகொள்ளும். 'கோம்டு' என்றால் கற்றவர்க்கும் விளங்குவதில்லை.

இனி அப் பொறி இயங்கும் முறையைத் தமிழிலேயே கூறிக் காட்டுவோம். முடியாது என்பார் எண்ணிக்கொண்டு வருக, எத்தனை இடத்தில் தமிழ் இடறுகிறது என்று.

பறித்த பஞ்சு ஆலையில் முதலில் உதறப்பட்டுத் தூய்மையாகிறது. அடுத்துப் பன்னும் பொறியில் முள்ளுருளைகளுக்கிடையே சிக்கு நீங்கி, மெல்லிய புரியாகிறது. அப் புரியில் நீண்ட இழையும் உண்டு. குறும் இழையும் உண்டு. குறும் இழை மிகுந்தால் நூல் பிசிறும். மெல்லிய நூலாயின் அறும். எனவே, மென்னூல் நூற்பதற்குக் குறும் இழையைக் களைதல் வேண்டும். அதற்கே வாரும் பொறி. புரிகள் பலவற்றைச் சேர்த்துச் சுருளாக்கி அதில் ஊட்டுவர். ஒரு பொறியில் பொதுவாக எட்டுத் தலைகள். தலைக்கு ஒரு சுருள். ஒவ்வொரு தலையிலும் ஒரு கவ்வி பஞ்சின் நுனியைக் கடித்துப் பிடிக்கிறது. பல் பொருந்திய வட்டச்சீப்புக் கீழே சுழன்று வந்து, தொங்கும் நுனியை வாருகிறது. பிடிபடாத குறும் இழை, தூசி, முடிச்சு யாவும் சீப்போடு போகின்றன. பின்னர்க் கவ்வி வாய் திறந்து முன்னே நகர்கிறது. பறிப்புருளைகள், முன்பு வாரிய பஞ்சின் வாலைச் சிறிது பின்னோக்கிக் கொணர்ந்து, புதிய நுனியை அதன்மேல் ஒட்டி, முன்னோக்கி இழுக்கின்றன. அவ்வாறு இழுக்கும்போது, மேலிருந்து இறங்கும் மேற்சீப்பு இழைகளின் பின்பகுதியை வாருகிறது. இவ்வளவும் சேர்ந்து ஒரு கவ்வல்.

பழைய பொறிகள் மணித்துளிக்கு நூறளவில் கவ்வின. இன்றைய பொறிகள் 500 கவ்வலும் அதற்கு மேலும் ஓடுகின்றன. அஃதாவது நொடிக்கு எட்டு முறைக்கு மேல். இவ் விரைவு எவ்வாறு வந்தது? பொறியின் உறுப்புகளுள் தொடர்ந்து ஒரே திசையிற் சுழல்வன சிலவே. கவ்வி முன்னும் பின்னும் ஆடுகிறது. பறிப்புருளை முன்னும் பின்னும் உருள்கிறது. ஓடும் ஒன்றை நிறுத்தித் திருப்புவதற்கே ஆற்றலின் பெரும்பகுதி போய்விடும். விரைவு கூடக்கூட அதிர்வும் தேய்வும் கூடும். எனவே, கவ்வியின் எடையை இலேசான மாழைக்கலவையால் குறைத்தனர். ஊசி பதித்த பழைய வட்டச்சீப்பை நீக்கி, வாள்பல் அமைந்த சீப்பை வைத்தனர். அதன் வாரும் பரப்பையும் அகலமாக்கினர். உருளைகளின் அசைவைக் கணித்துச் செப்பமாக்கினர். தீர்ந்த சுருளை எடுத்துப் புதுச்சுருள் வைத்து முனை சேர்க்கும் வேலையையும் பொறியே செய்யுமாறு அமைத்தனர்.

இவ்வளவும் கூறி முடித்தோம். தமிழ் எங்கே இடறிற்று?

பொறி செய்யும் திருத்தம் பொருளியலிலும் பெரிது. வாரும்போது கழியும் குறும் பஞ்சு பொதுவாக நூற்றுக்குப் 12 முதல் 20 வரை ஆகும். மேற்சீப்புச் சற்று ஆழ இறங்கினால் கழிவு கூடும். கவ்விக்கும் பறிப்புருளைக்கும் இடைவெளி மிகுந்தாலும் கூடும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் கிலோ பஞ்சு வாரும் ஆலையில் கழிவை ஒரு விழுக்காடு குறைத்தால், நாளொன்றுக்கு நூறு கிலோ நல்ல பஞ்சு மிஞ்சும். அந்த ஒரு விழுக்காட்டின் மறையை அறிந்தவன் யார்? பொறியருகே நாள்முழுதும் நின்று, அதன் ஓசையைக் கொண்டே நோயறியும் தொழிலாளி! அவன் அறிந்ததைச் சொல்ல வாயில்லாதபடி செய்தது எது என்பதே நம் வினா.

இப் பொறி பிறந்த வரலாற்றைப் பார்ப்போம். ஆட்டுமயிரை வாருவதற்கு இங்கிலாந்தின் கார்ட்டுரைட்டு என்னும் சமயகுரு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒரு பொறி புனைந்தார். பருத்தியை வாரும் பொறியை 1845இல் புனைந்தவர் பிரான்சு நாட்டு முல்லூசு நகரைச் சேர்ந்த சோசுவே அயில்மன். அவர் பல்லாண்டு முயன்றும் வழி புலப்படவில்லை. ஒரு நாள் மாலை, தம் மகளிர் நீண்ட கூந்தலை விரலிடையே இழுத்துச் சீப்பால் வாருவதைப் பார்த்திருந்தபோது, கவ்விப் பிடித்து வாருதல் என்னும் கருத்து உள்ளத்தில் பளிச்சிட்டது என்று கூறுவர். உலகின் நுண்ணூல் தொழிலையே மாற்றிய பொறியின் வித்து, வீட்டுத் திண்ணையிலே தலைவாரும் சீப்பிலிருந்து வந்தது! அவர் கண்டதைத் தம் மொழியில் எழுதினார். தம் நாட்டில் பதிந்தார். இங்கிலாந்தின் ஆலைமுதலாளிகள் பெரும்பொருள் கொடுத்து அவ்வுரிமையை வாங்கினர்.

அயில்மன் வரலாற்றைத் தன்னுள் கொண்ட 'தன்முயற்சி' என்னும் பொருள்படும் ஆங்கில நூலைச் சாமுவேல் சுமைல்சு எழுதினார். அந்நூல் 1871இல் சப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டது. சகிச்சி தொயோடா என்னும் தச்சர் மகன் அதனால் கிளர்ச்சியுற்றார் என்பர். அவர் ஆங்கிலம் கற்றுக் கரையேறும் வரை காத்திருக்கவில்லை. 1891இல், தாம் திருத்திய மரத்தறிக்குத் தம் தாய்மொழியிலேயே எழுதித் தம் நாட்டிலேயே காப்புரிமை பெற்றார். 1924இல் அவர் நிறைவு செய்த தானியங்கித் தறியின் உரிமையை, 1929இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிளாட்டு உடன்பிறந்தார் நிறுவனமே விலைகொடுத்து வாங்கிற்று. எந்த நாட்டின் பொறிகளைப் பார்த்துச் சப்பான் கற்றதோ, அந் நாடே சப்பானிடம் வந்து வாங்கியது. அப் பணமே பின்னர் உந்துவண்டித் தொழிலுக்கு முதலாயிற்று என்று கூறுவர். ஒரு தச்சன் மகனுடைய தாய்மொழிக்கு அவன் நாட்டு அலுவலகம் கதவைத் திறந்து வைத்தது, அவ்வளவே.

இங்கே என்ன நிலை? சென்னையில், கிண்டியில், பெருந்தெற்கு நெடுஞ்சாலையின்மேல், காப்புரிமை அலுவலகம் ஓங்கி நிற்கிறது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரம், தெலங்கானம், அவற்றோடு புதுச்சேரியும் இலக்கத்தீவும் அதன் எல்லைக்குள் அடங்கும். இவற்றுள் இந்தி பேசும் நாடு ஒன்றேனும் உண்டா? இல்லை. ஆனால், 2003ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் 9ஆம் விதி கூறுவது யாது? அலுவலகத்திற்கு அளிக்கும் ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்பது. தமிழனுக்குத் தமிழ் இல்லை. மலையாளிக்கு மலையாளம் இல்லை. கன்னடர்க்கும் தெலுங்கர்க்கும் தத்தம் மொழி இல்லை. இங்கே எவர்க்கும் தாய்மொழியாகாத இந்திக்கு மட்டும் இடம் உண்டு! 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குச் செல்லா என்று அவ்விதிகளிலேயே எழுதியுள்ளனர். முன்வாயிலில் விலக்களித்துவிட்டுப் பின்வாயிலால் புகுத்துவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்னும் கேளுங்கள். மூனிக்கு நகரில் தலைமையிடம் கொண்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில், எம்மொழியிலும் விண்ணப்பத்தை அளிக்கலாம். இரண்டு திங்களுக்குள் அவர்தம் ஆட்சிமொழி ஒன்றில் பெயர்ப்பு அளித்தால் போதும். அமெரிக்க அலுவலகமும் அயல்மொழி விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு, பெயர்ப்பைப் பின்னர்க் கேட்கிறது. அஃதாவது, தமிழில் எழுதிய ஒரு புனைவை மூனிக்கில் கொடுத்து அன்றைய நாளைப் பதிந்துகொள்ளலாம், அமெரிக்காவிலும் பதிந்துகொள்ளலாம், கிண்டியில் கொடுக்க முடியாது! தமிழன் தன் மொழியோடு செல்லத்தக்க இடம் தன் தலைநகர் அன்று, அயல்நாடு! இது விடுதலை பெற்ற நாடு என்று எம்மிடம் கூறுகின்றனர்.

எமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் மயிலையில் தம் மகன் வீட்டில் வாழ்கிறார். கொங்குநாட்டு நூற்பாலை ஒன்றில் முப்பதாண்டுகள் வாரும் பொறிப் பிரிவில் பொருத்துநராக இருந்தவர். மேற்சீப்பில் தூசியும் குறும்பஞ்சும் அடைந்துகொண்டால் நூல் கெடும். பொறியை நிறுத்தித் துடைத்தால் ஆக்கம் கெடும். சிறு காற்றுக்குழல் ஒன்றைச் சீப்பின் மேலே அமைத்து, குறித்த கவ்வல்களுக்கு ஒரு முறை காற்று ஊதிச் சீப்பைத் தானே துப்புரவாக்கும் ஓர் அமைப்பை அவர் பழைய உறுப்புகளைக் கொண்டே செய்து பார்த்தார். அதனைக் கணக்குப் பொத்தகத் தாளில் வரைந்து, ஒவ்வோர் உறுப்பின் பக்கத்திலும் முத்து முத்தான எழுத்தில் தமிழ்ப்பெயர் எழுதினார். பதிவுக்கு வழி கேட்டுச் சென்ற இடத்தில், "ஐயா, இதை ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள்" என்றனர். எழுதித் தருவாரை வினவினார். அவர் கேட்ட கூலி இவர்தம் மூன்று திங்கட் சம்பளத்தினும் மிகுதி. தாள் பெட்டிக்குள் போயிற்று. காற்றால் தானே துப்புரவாகும் மேற்சீப்பு இன்று அயல்நாட்டுப் பொறிகளில் சிறப்புறுப்பாக விற்கப்படுகிறது.

அவரிடமிருந்து எவரும் திருடினர் என்று யாம் கூறவில்லை. ஒரே கருத்தை இருவர் தனித்தனியே அடைதல் உலக இயல்பு. ஒருவன் கருத்து அவன் மொழியில் பதிவாகிப் பொருளாயிற்று. மற்றவன் கருத்து அவன் மொழியிலேயே மடிந்து பெட்டியில் மட்கிற்று. எம் குறை அதுவே. "போகட்டும் ஐயா, பொறி ஓடினால் சரி" என்று அம் முதியவர் சிரிக்கிறார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி, மறுப்பார் கூறுவனவற்றை ஆய்வோம்.

"கலைச்சொல் இல்லையே" என்பர் சிலர். பஞ்சைச் சிக்கெடுத்துப் பதப்படுத்துதலைப் 'பன்னுதல்' என்று தமிழன் பெயரிட்டது நேற்றன்று. பன்னிய பஞ்சு 'பனுவல்'. புறநானூற்றுக் காலத்திலேயே, பருத்திப் பெண்டின் பனுவல் மென்மைக்கு உவமையாயிற்று. அச்சொல்லே பின்னர்ப் புலவர் செய்யும் நூலுக்கும் பெயராயிற்று. 'நூல்' என்னும் சொல்லும் அவ்வாறே. கையால் நூற்றதும் நூல், அறிவால் இயற்றியதும் நூல். நன்னூலாசிரியர், சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்தார். தன் இலக்கியத்திற்கே பஞ்சுத் தொழிலிலிருந்து பெயரெடுத்த மொழி, பஞ்சுத் தொழிலுக்குப் பெயரெடுக்க இயலாதென்பது எத்துணைப் பேதைமை! 1974இல் மொழிஞாயிறு பாவாணர் இயக்குநராகப் பொறுப்பேற்ற சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககம் இன்று சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்குகிறது. நாடோறும் புதுச்சொல் ஆக்கிக் குவிக்கிறது. சொல் ஆக்கும் அலுவலகம் சாந்தோமில். சொல்லை மறுக்கும் அலுவலகம் கிண்டியில். இடையே ஓடுவது அடையாறு. ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கவில்லை!

"புனைவை ஆராய்வோர் உலகப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டுமே, தமிழில் இருந்தால் யாங்ஙனம்?" என்பர் வேறு சிலர். இவ் வினாவில் ஓரளவு பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், சப்பானியத்தில், கொரியத்தில், சீனத்தில், செருமானியத்தில் இருக்கும் பதிவுகளை இன்று கிண்டி அலுவலர் எவ்வாறு ஒப்பிடுகின்றனர்? பெயர்ப்பின் வழியன்றோ? பன்னாட்டு விண்ணப்பங்கள் இன்று பத்து மொழிகளில் வெளியாகின்றன. அப் பத்தையும் கற்றா ஆராய்கின்றனர்? பெயர்க்கும் பொறிகளும் பெருகிவிட்டன. விண்ணப்பம் தமிழில் வரட்டும், நாள் பதிவாகட்டும், பெயர்ப்பை அரசு செய்துகொள்ளட்டும். ஐரோப்பாவில் இயல்வது இங்கு ஏன் இயலாது? மேலும், இந்தியில் வரும் விண்ணப்பத்தையும் உலகப் பதிவுகளோடுதானே ஒப்பிட வேண்டும்? இந்திக்கு இல்லாத இடர் தமிழுக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது?

"தொழிலாளிக்கு ஏன் புனைவும் பதிவும்? அது பொறியியலார் வேலை" என்பர் இன்னும் சிலர். இவர்க்கு வரலாறே விடை. நூற்கும் சென்னியைப் புனைந்த ஆர்கிரீவ்சு எழுத்தறிவு குறைந்த நெசவாளர். தொயோடா தச்சர் மகன். நம் கோவையின் கோ.து. நாயுடு பள்ளிப்படிப்பை முடிக்காதவர். பொறிகள் பல புனைந்தவர். கையறிவு உள்ளவனை எழுத்தறிவால் விலக்கி வைக்கும் நாடு, தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளும் நாடாகும்.

நாம் பிறரை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையன்று. நம் வீட்டையும் பார்ப்போம். 1962இல் கோவையில் தொடங்கிய இலட்சுமி எந்திரத் தொழிலகம், சுவிட்சர்லாந்தின் இரீட்டர் நிறுவனத்தோடு இணைந்து நூற்பொறிகள் செய்யத் தொடங்கிற்று. வாரும் பொறியும் அவற்றுள் ஒன்று. தமிழன் கை அப் பொறியைச் செய்ய வல்லது என்பது அன்றே உறுதியாயிற்று. 1956இல் தோன்றிய தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிக் கழகமும் கோவையிலேயே உள்ளது. கிண்டியில் 1944இல் தொடங்கிய அழகப்பர் தொழில்நுட்பக் கல்லூரி நெசவுத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. செய்யவும் ஆராயவும் கற்பிக்கவும் நமக்கு இடம் உண்டு. தமிழுக்குத்தான் அங்கு இடம் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரி நூல்கள் பலநூறு தமிழில் வெளியிட்டது. அவை நூலக மூலையில் செல்லரிக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால், 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அதனை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்த பின்னரே பின்வாங்கியது. அக் குழந்தைக்குப் பதின்மூன்றாண்டு பாலூட்டாதிருந்துவிட்டு, "வளரவில்லை, புதைத்துவிடுவோம்" என்றனர்!

1918இல் இச் சென்னையில் பஞ்சாலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அடையாற்றுப் பிரமஞான சபையைச் சேர்ந்த வாடியா அதன் தலைவரானார். இராயப்பேட்டையில் தமிழாசிரியராயிருந்த திரு.வி.க. துணைத்தலைவராக நின்று, அத் தொழிலாளர்க்குத் தூய இனிய தமிழில் உரையாற்றினார். கூலியைக் கேட்கத் தமிழ் வந்தது; உரிமையைக் கேட்கத் தமிழ் வந்தது. அறிவை விலைப்படுத்தும் இடத்தில் மட்டும் தமிழ் ஏன் வாசலில் நிற்க வேண்டும்?

எனவே, யாம் வேண்டுவன இவை:

ஒன்று: காப்புரிமை விதிகளின் 9ஆம் விதியைத் திருத்தி, தமிழையும் அரசமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள பிற மொழிகளையும் ஏற்றல் வேண்டும்.

இரண்டு: அது வரும்வரை, தமிழில் வரும் புனைவுகளைப் பெற்று, ஆங்கிலத்தில் பெயர்த்து, உழைப்பவன் பெயரில் பதிந்து தரும் பிரிவொன்றைத் தமிழ்நாட்டரசு தன் செலவில் கிண்டியிலேயே அமைத்தல் வேண்டும்.

மூன்று: தமிழ்நாட்டில் விற்கும் நெசவுப்பொறி ஒவ்வொன்றுக்கும் தமிழ்க் கையேடும் தமிழ் உறுப்புப்பெயர்ப் பட்டியலும் தருதலைக் கட்டாயமாக்கல் வேண்டும்.

நான்கு: நெசவுத் தொழில்நுட்பத்தைத் தொழிற்பயிற்சி நிலையம் முதல் பல்கலைக்கழகம் வரை தமிழில் கற்பித்தல் வேண்டும்.

ஐந்து: இஃது அரசு செய்ய வேண்டியதன்று, நாமே செய்யத்தக்கது. கடையில் 'வாரிய நூற்சட்டை' என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் விளக்குங்கள். ஒரு சொல் நூறு வாயில் வழங்கினால் நிலைபெறும். ஆயிரம் மேடையில் முழங்கினும் வழங்காவிடின் மாயும்.

இறுதியாக ஒன்று. வாரும் பொறியில் கழிந்த குறும்பஞ்சை எறிவதில்லை. பணத்தாள் செய்யும் தாளாலைகளும் அதனை வாங்குகின்றன. உங்கள் பையிலுள்ள பணத்தாளை எடுத்துப் பாருங்கள். அது பருத்தித் தாள். அதன் பின்புறத்தில் பதினைந்து மொழிகள் சிறு கட்டத்துள் நெருக்கி நிற்கின்றன; தமிழ் பதின்மூன்றாவது. இந்தியும் ஆங்கிலமும் மட்டும் பெரிய எழுத்தில் விரிந்து கிடக்கின்றன. தமிழன் நூற்ற ஆலையின் கழிவாலாகிய தாளிலும் தமிழுக்குக் கழித்துவைத்த இடம் அது! நம் பஞ்சின் கழிவுக்கு உள்ள மதிப்பு நம் மொழிக்கு இல்லையெனின், அதனைப் பொறுத்திருப்பது பொறுமையன்று, இழிவு.

தமிழா! உன் கையிலுள்ள சீப்பிலிருந்து ஒருவன் உலகை மாற்றும் பொறியைக் கண்டான். சீப்பு உனக்கும் உண்டு, கை உனக்கும் உண்டு, சொல்லும் உண்டு. சிக்கு எங்கே என்று கண்டுகொண்டாய். இனி வாரி எறி!